கலீல் வீட்டுக் குளியல் கிண்ணம்

"இவங்கல்லாம் கக்கூஸுக்கு எங்க போனாங்க?"

கலீல் வீட்டுக்குள் வரும் பத்துப் பேரில் ஏழு பேர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். வண்ணக் கண்ணாடி ஜன்னலைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். கூரையில் தீட்டியிருக்கும் மாதுளம்பழங்களை அண்ணாந்து பார்ப்பார்கள். சுவரில் மாட்டியிருக்கும் அட்டைகளைப் படிப்பதுபோல் கொஞ்ச நேரம் நிற்பார்கள். பிறகு அவர்களில் ஒருவர் மெல்ல நழுவி, துடைப்பத்தோடு நிற்கும் யெத்தர் அக்காவிடம் போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்பார்.

"முற்றத்துக்கு அந்தக் கோடியில," என்பார் அக்கா, நிமிராமல்.

"பனிக்காலத்துலகூடவா?"

"பனிக்காலத்துல அடக்கிவெச்சு வசந்தத்துலயா போக முடியும்?"

நான் டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருந்த பதினோரு வருஷமும் இதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அதற்கு முன் அர்தபீலுக்கும் தப்ரீஸுக்கும் நடுவே பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். பனியில் வண்டி கவிழ்ந்து இடுப்பு போனபின் இந்த நாற்காலி கிடைத்தது. கலீல் வீடு எங்கள் ஊரில் பட்டு வியாபாரி மிர்சா கலீல் கட்டியது. வாரிசுகள் ஆளுக்கொரு தேசம் போய்விட்டார்கள். கடைசியில் ஓர் அறக்கட்டளை வைத்து, வீட்டைப் பழங்கால வாழ்க்கைக் காட்சியகம் ஆக்கினார்கள்.

அக்காவின் வேலை பெருக்குவது, துடைப்பது, முற்றத்துச் செடிகளுக்குத் தண்ணீர் விடுவது. பதில் சொல்வது அவர் வேலையே இல்லை. ஆனால் பதில் சொல்ல வேறு ஆளும் இல்லை. சுவர் அட்டைகளை எழுதியவர் தெஹ்ரானிலிருந்து மாதம் ஒருமுறை வரும் டாக்டர் வுசூக். மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர். அவருடைய அட்டைகளில் 'கலைநயம்', 'மரபின் செழுமை' என்று பெரிய பெரிய வார்த்தைகள் இருக்கும். சனங்களுக்கோ வேறு சந்தேகம். பல் எதால் தேய்த்தார்கள்? ஒரு போர்வைக்குள் எத்தனை பேர் படுத்தார்கள்? கல்லூரிப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து வந்தால், பெண்களுக்கான அந்த மூன்று நாள் சமாச்சாரத்தை அக்காவின் காதில் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு ஓடுவார்கள்.

மத்தியானம் என் ஜன்னலுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துத் தேநீரை உறிஞ்சியபடி, அக்கா அன்றைய எரிச்சலையெல்லாம் என் தலையில் கொட்டுவார்.

"கடிகாரம் இல்லாம எப்படி எழுந்தீங்கன்னு கேக்கறான் தம்பி ஒருத்தன். ஊர்ப் பொதுக் குளிப்பு மண்டபத்துக்காரன் விடியறதுக்கு முன்ன கொம்பு ஊதுவான், எழுந்தோம். ஊதலைன்னா சேவல் கூவும். அதுவும் கூவலைன்னா மாமியா கத்துவா. இதுல அவனுக்கு என்ன ஆச்சரியம்? வாயைப் பொளக்கறான்!"

"தெரியாததால கேக்கறாங்க அக்கா."

"தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப் போறான்? நாளைக்குக் கொம்பு ஊதப் போறானா?"

இன்னொரு நாள்: "ஒரு சீமாட்டி வந்தா. மூக்குல கறுப்புக் கண்ணாடி. 'இந்த வீட்டுல இவ்வளவு பட்டுத் துணியெல்லாம் எப்படித் துவைச்சாங்க'ன்னு கேட்டா. இவங்க எங்கே துவைச்சாங்க, நாங்கதான் துவைச்சோம்னேன். 'ஓ, அப்ப நீங்க இந்தக் குடும்பமா'ன்னா! தலையில அடிச்சுக்கலாம்போல இருந்துச்சு."

இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அக்காவின் அம்மா குல்சும் இந்த வீட்டுக்குத் துணி துவைத்தவர். வரிசையாக ஐந்து பெண் பிறந்து, ஆறாவதும் பெண்ணாகப் போகவே, அப்பா வெறுத்துப்போய் 'யெத்தர்' என்று பேர் வைத்தார். எங்கள் துருக்கி மொழியில் அதற்குப் 'போதும்' என்று அர்த்தம். பேர் வேலை செய்தது. அடுத்தது பையன். அவனுக்கு 'அல்லாவெர்தி', கடவுள் கொடுத்தான், என்று வைத்தார்கள். ஆறு பெண்களில் கடைசிப் பெண்தான் அம்மாவோடு மூட்டை தூக்கிக்கொண்டு கலீல் வீட்டுக்கு வருவாள். சாம்பல் தண்ணீரில் ஊறவைத்து, ஆற்றில் பனிக்கட்டியைக் கல்லால் உடைத்து அலசுவார்கள். அக்காவின் விரல் மூட்டுகள் வெங்காயம் மாதிரி வீங்கியிருப்பது அந்த நாளிலிருந்துதான்.

பிறகு கல்யாணம், இரண்டு பெண் பிள்ளைகள், செங்கல் சூளையில் புருஷனின் மரணம் என்று எல்லாம் ஆகி, ஐம்பத்தைந்து வயதில் இந்த வேலைக்கு மனுப் போட்டார். மூட்டு வலியோடு இத்தனை படிக்கட்டு உள்ள வீட்டை ஏன் பிடித்தார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

டாக்டர் வுசூக்குக்கும் அக்காவுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. பரணிலிருந்து இறக்கிய பெட்டிகளை அவர் பிரித்தபோது அக்கா பக்கத்தில் நின்று தூசு தட்டினார். ரொட்டிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஈர்க்குக் கட்டுக்கு அவர் 'தூசு தட்டும் தூரிகை' என்று எழுதினார். அக்கா திருத்தினார். அவர் கேட்கவில்லை. பெரிய சண்டை வந்தது ஒரு மரக்குழலால்.

விரலைவிடக் கொஞ்சம் நீளமான குழல். ஒரு முனையில் சின்னதாய்க் குழிந்த வாய். பார்த்தால் புகை பிடிக்கிற குழாய் மாதிரியே இருக்கும். டாக்டர் அதை வெல்வெட் துணிமேல் வைத்து, 'அந்தப்புரச் சீமாட்டிகள் புகைத்த குழல்' என்று எழுதிவிட்டார்.

"டாக்டர், அது புகைக்குழல் இல்லைங்க," என்றார் அக்கா. "தொட்டில் குழலுங்க. கொழந்தையைத் தொட்டில்ல வெச்சு, கை காலை அசைக்க முடியாம துணியால கட்டிருவோம். இந்தக் குழிவான முனையைத் தொடைக்கு நடுவுல வெப்போம். மூத்திரம் இது வழியா இறங்கிக் கீழ இருக்கற சட்டியில விழும். தொட்டில் நனையாது. இது ஆம்பளைக் கொழந்தைக்கானது. பொம்பளைக் கொழந்தைக்கு வாய் நீளமா இருக்கும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, நீங்க சொல்றதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா? எழுத்துல?"

"எழுத்துல இல்லைங்க. எந்தம்பி அல்லாவெர்தி இருக்கான். கடைத்தெருவுல ஜவுளிக்கடை. கூட்டியாரட்டுங்களா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகும் இரண்டு முறை அக்கா சொல்லிப் பார்த்தார். மூன்றாம் முறை, "நீங்க பெருக்குற வேலையைப் பாருங்க," என்று முகத்தில் அடித்தமாதிரி சொல்லிவிட்டார்.

அக்கா வேலைக்கு வந்த ஏழாம் வருஷ வசந்தத்தில் தெஹ்ரானிலிருந்து ஒரு தொலைக்காட்சிக் குழு வந்தது. ஒப்பனை போட்ட ஒரு பெண் கேள்வி கேட்க, டாக்டர் புதுக் கோட்டில் நின்று ஒவ்வொரு பொருளாக விளக்கினார். நானும் அக்காவும் கதவோரம் நின்றோம். வெல்வெட் துணியிலிருந்து அந்தக் குழலை டாக்டர் எடுத்தபோது அக்காவின் மூச்சு நின்றது எனக்கே கேட்டது.

"எப்படிப் பிடிப்பாங்க டாக்டர்? காட்டுறீங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"அக்கா, வாயைத் திறக்காதீங்க," என்று அவர் முக்காட்டைப் பிடித்து இழுத்தேன்.

"நான் திறக்கலை தம்பி. அவரு திறக்கறாரு பாரு."

டாக்டர் குழலைப் பற்களுக்கிடையில் பிடித்து, ஒரு கையை இடுப்பில் வைத்து, கண்ணைச் செருகிக்கொண்டு புகையை இழுப்பதுபோல் இழுத்தார். அவ்வளவுதான். வாளி அக்காவின் கையிலிருந்து விழுந்தது.

"ஐயோ, எடுங்க அதை வாயிலேர்ந்து! எத்தனை பயலுங்க மூத்திரம் போன குழலுங்க அது!"

பதற்றத்தில் பாரசீகம் மறந்து துருக்கி மொழியிலேயே சொன்னார். டாக்டருக்கும் அந்தப் பெண்ணுக்கும் பாரசீகம் மட்டும்தான். ஆனால் காமிராக்காரன் தப்ரீஸ்காரன். அவன் தோள் முதலில் குலுங்கியது. பிறகு காமிரா குலுங்கியது. கடைசியில் காமிராவைத் தரையில் வைத்துவிட்டு அவனும் தரையில் உட்கார்ந்துவிட்டான். "என்ன சொன்னாங்க? என்ன சொன்னாங்க?" என்று அந்தப் பெண் நச்சரிக்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு மொழிபெயர்த்தான். டாக்டர் முற்றத்துக் குழாயடிக்கு ஓடினார். அரைமணி நேரம் கொப்பளித்திருப்பார்.

தொலைக்காட்சியில் அந்தப் பகுதி வரவில்லை. அடுத்த வாரம் அறக்கட்டளை முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்தேன். துப்புரவுப் பணியாளர் யெத்தர் இனிப் பார்வையாளர் எவரிடமும் காட்சிப் பொருள்களைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. மீறினால் வேலை போகும்.

"எவரிடமும்னா?"

"யாருகிட்டயும்தான் அக்கா."

"எங்க போறதுன்னு கேட்டாக்கூடவா? கொழந்தை ஒண்ணு அவசரத்துல நின்னா?"

"ஒரு வார்த்தையும்னு போட்டிருக்கு."

"சரி. விட்டுச்சு சனியன்," என்று கட்டைவிரலை மையில் தோய்த்து ஒற்றினார். "ஏழு வருஷமா கேட்டுக் கேட்டு என் காது பழுத்துப்போச்சு. இனிமே நிம்மதி."

நிம்மதி அவருக்கு, எனக்கு நரகம். யார் எதைக் கேட்டாலும் அக்கா உதட்டின்மேல் விரலை வைப்பார். பிறகு அந்த விரலை அப்படியே நீட்டி என் ஜன்னலைக் காட்டுவார். சனங்கள் வரிசையாக என்னிடம் வருவார்கள். பஸ் ஓட்டியவனுக்குப் பட்டுத் துவைப்பதைப் பற்றி என்ன தெரியும்? "அந்தம்மாவுக்கு ஊமையா? பாவம்," என்று பெண்கள் அக்காவின் கையில் மிட்டாய் கொடுத்துவிட்டுப் போவார்கள். அக்கா அதை வாங்கிச் சாப்பிடுவார். உத்தரவை மாற்றச் சொல்லி அவர் கேட்கவும் இல்லை.

அந்த எரிச்சலில்தான் ஒருநாள் நான் சண்டை பிடித்தேன். மாடி அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே குளிப்பு மண்டபத்துக்குக் கொண்டுபோகும் சாமான்கள்: துணி மூட்டை, குதிகால் தேய்க்கும் கல், சீப்பு, மருதாணித் தட்டு, நடுவில் வெள்ளிக் கிண்ணம் ஒன்று. வீடு முழுக்கப் பளபளவென்று இருக்கும். அந்த ஒரு பெட்டியின்மேல் மட்டும் தூசு விரலால் எழுதலாம்போல் இருக்கும்.

"அந்தப் பெட்டியை மட்டும் ஏன் அக்கா தொட மாட்டேங்கறீங்க? அதுக்கும் தடை போட்டிருக்காங்களா?"

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். பிறகு பேச ஆரம்பித்தார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் அதுவரை கேட்டதில்லை.

"அந்தக் கிண்ணத்தோட விளிம்புல ஒரு நசுங்கல் இருக்கு பாத்தியா? அது நான் போட்டது. பதினோரு வயசு எனக்கு. இந்த வீட்டு எஜமானி அஷ்ரஃப் கானும் குளிக்கப் போகறப்ப, எங்கம்மா மூட்டை தூக்குவாங்க, நான் கிண்ணம் தூக்குவேன். மண்டபத்துப் படியில வழுக்கி விழுந்தேன். நசுங்கிருச்சு. எஜமானி பாக்கலை. அந்தப் பயத்துலயே ஒரு மாசம் இருந்தேன். அப்புறம் ஒரு குளியல் நாள் முடிஞ்சு பாத்தா, கிண்ணத்தையே காணோம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? வீட்டுல வெளியாள் யாரு? நாங்கதான். எங்கம்மா வேதத்துமேல கைவெச்சுச் சத்தியம் பண்ணாங்க. எஜமானி தெருவுல நின்னு, எல்லா வீட்டு ஜன்னலும் திறந்து கெடக்க, 'திருடி'ன்னு சொன்னா. மறுநாள்லேர்ந்து இந்தத் தெருவுல ஒரு வீடு எங்கம்மாவுக்குத் துணி போடலை. ஊருல எந்த வீடும் போடலை. கடைசியில செத்த பொம்பளைங்களைக் குளிப்பாட்டற வேலைதான் கெடச்சுது. அதுக்குத்தான் ஆள் வர மாட்டாங்களே. பொணம் கழுவுறவ மகளை யாரு கட்டுவான்? சனம்னு எங்க பெரியக்கா, அவளுக்கு நிச்சயம் ஆயிருந்துச்சு. மோதிரத்தைத் திருப்பி வாங்கிட்டுப் போனாங்க. எங்கம்மா பத்தொம்பது வருஷம் பொணம் கழுவுனாங்க தம்பி. சாகறப்பக்கூட, 'நான் எடுக்கலைடி'ன்னுதான் சொன்னாங்க."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. "அதுக்காகத்தான் இங்க வேலைக்கு வந்தீங்களா?"

"எல்லா அலமாரியையும் ஒரு தடவை திறந்து பாத்துரணும்னு வந்தேன். வந்த மூணாம் வாரம் டாக்டர் பெட்டியைப் பிரிக்கறாரு, அடிப்பெட்டியில துணியில சுத்தி உக்காந்திருக்கு சனியன். இந்த வீட்டைவிட்டு வெளியவே போகலை. என் கையாலயே தூசு தட்டி அவருகிட்ட குடுத்தேன்."

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"யாருகிட்ட? எழுத்துல ஆதாரம் இருக்கான்னு கேப்பாரு," என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இலையுதிர் காலத்தில் மாடியின் இன்னொரு பகுதியைத் திறந்துவைக்க மிர்சா கலீலின் மகள் மஹ்லகா ஜெர்மனியிலிருந்து வந்தார். அறக்கட்டளையில் அவர் சொல்தான் சட்டம். அறுபதை நெருங்கும் வயது. இருபதில் ஊரைவிட்டுப் போனவர். துருக்கி மொழி நாவில் தட்டுத் தடுமாறியதால் பாரசீகத்தில் பேசினார். டாக்டர் வுசூக் குனிந்து குனிந்து அறை அறையாகக் காட்டிக்கொண்டு வர, நான் சாவிக் கொத்தோடு பின்னால் போனேன். குளிப்புச் சாமான் பெட்டியருகே அக்கா தரை துடைத்துக்கொண்டிருந்தார்.

மஹ்லகா பெட்டிமுன் நின்றார். கைக்குட்டையால் தூசைத் துடைத்து உள்ளே பார்த்தார்.

"இந்தக் கிண்ணத்துக்காக நான் கன்னத்துல ஒரு அறை வாங்கியிருக்கேன்," என்றார் சிரித்தபடி. "எட்டு வயசு. புத்தாண்டுக்கு முன்ன வீட்டை உலுக்கிச் சுத்தம் பண்ணுவோமில்லையா? குளிருக்குப் போட்டிருந்த பெரிய ரஜாய்ப் போர்வைகளை எடுத்தாங்க. மடிப்புக்குள்ளேர்ந்து இது உருண்டு விழுந்துச்சு. ஓடிப்போய் அம்மாகிட்ட குடுத்தேன். சந்தோஷப்படுவாங்கன்னு நெனச்சேன். பளார்னு அறைஞ்சாங்க. 'யாருகிட்டயும் சொல்லாதே'ன்னு ஒரு பெட்டிக்குள்ள அடியில ஒளிச்சு வெச்சுட்டாங்க. அதுதான் அம்மா என்னை அடிச்ச ஒரே தடவை. எதுக்குன்னு இன்னிவரைக்கும் தெரியலை."

டாக்டர், "பழங்காலப் பெண்களின் நம்பிக்கைகள்..." என்று ஏதோ ஆரம்பித்தார்.

மஹ்லகா அவரை விட்டுவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உங்க வயசுக்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இப்படி எதாவது வழக்கம் இருந்துச்சா? தொலைஞ்சுபோன வெள்ளி கெடச்சா சகுனம் சரியில்லைன்னு?"

அக்கா முழங்காலில் உட்கார்ந்தபடியே அவரைப் பார்த்தார். உதட்டின்மேல் விரலை வைத்தார்.

"என்ன ஆச்சு இவங்களுக்கு?"

"பேசக் கூடாதுன்னு உத்தரவு கானும்," என்றேன், சீமாட்டிகளை அழைக்கும் மரியாதையோடு. "உங்க அறக்கட்டளைதான் போட்டது."

"என்ன பைத்தியக்கார உத்தரவு? பேசச் சொல்லுங்க!"

"பேசலாமா தம்பி?" என்று என்னைத்தான் கேட்டார் அக்கா. நான் தலையாட்டினேன்.

துடைப்பத் துணியைப் பிழிந்து வாளி விளிம்பில் போட்டார். எழுந்து நிற்கச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"சகுனமும் இல்லை, மண்ணும் இல்லை. உங்கம்மா அதை எங்கம்மா திருடிட்டாங்கன்னு நடுத்தெருவுல சொல்லிட்டாங்க. ரஜாய்க்குள்ள கெடந்துச்சுன்னு தெரிஞ்சா, அதே தெருவுல போய், தப்புன்னு சொல்லணும். சொல்ல மனசு வரலை. அதான் உங்களுக்கு அறை விழுந்துச்சு. நீங்க கேட்டதுக்குப் பதில் இதுதான்."

மஹ்லகாவின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. "நீங்க... குல்சுமோட..."

"கடைசி மக. கிண்ணம் தூக்குனவ."

மஹ்லகா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். குல்சும் தனக்கு, சோப்பு மாதிரி நுரைக்கும் வேர்க்கட்டையால் நுரை ஊதிக் காட்டியது ஞாபகம் இருக்கிறதாம். ஒருநாள் திடீரென்று ஏன் வரவில்லை என்று கேட்டபோது யாரும் பதில் சொல்லவில்லையாம். அக்காவுக்கு அழுகையைக் கண்டால் ஆகாது.

"போதும் கானும், எழுந்திரிங்க. தரை ஈரம். உங்களுக்கு ஒரு அறை விழுந்துச்சு, சரி. எங்கம்மா பத்தொம்பது வருஷம் பொணம் கழுவுனாங்க. நான் அழறனா?"

மஹ்லகா சாவியை என்னிடமிருந்து வாங்கிப் பெட்டியைத் திறந்தார். கிண்ணத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "இது உங்களுக்குத்தான். எடுத்துட்டுப் போங்க."

அக்கா இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டார். "நல்லா இருக்கே நியாயம்! இதை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா, அன்னிக்கு உங்கம்மா சொன்னது சரின்னு ஆயிராதா? குல்சும் வீட்டுலதான் கிண்ணம் இருக்குன்னு?"

"அப்ப நான் என்ன செய்யணும்? சொல்லுங்க."

"பெட்டியில இருக்கற சீட்டை மாத்தி எழுதுங்க. அப்புறம், உங்கம்மா தெருவுல சொன்னாங்க. நீங்களும் தெருவுல சொல்லுங்க."

டாக்டர் இருமினார். "மேடம், இது காட்சியகம். பஞ்சாயத்து இல்ல. அதுவுமில்லாம, எழுத்துபூர்வமா எந்த ஆதாரமும்..."

"பேனா குடுங்க," என்றார் மஹ்லகா. டாக்டரின் சட்டைப்பையிலிருந்த பேனாவாலேயே எழுதினார். 'அஷ்ரஃப் கானுமின் குளியல் கிண்ணம். இதைத் துணி துவைக்கும் குல்சும் திருடியதாகச் சொல்லப்பட்டது. அவர் திருடவில்லை. இது இந்த வீட்டு ரஜாயின் மடிப்பிலேயே இருந்தது. கண்டெடுத்தது நான். மஹ்லகா, மகள்.' நான் உரக்கப் படித்துக் காட்டினேன். அக்கா மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னார். அம்மாவின் பேர் எந்த இடத்தில் இருக்கிறது என்று விரலால் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஆனால் தெரு பாக்கி இருந்ததே.

வியாழக்கிழமை மத்தியானம் பெண்கள் கூடி வேதம் ஓதும் வீடு ஒன்று அந்தத் தெருவில் உண்டு. பழைய குடும்பத்துப் பெண்களெல்லாம் வருவார்கள். அக்கா கறுப்பு முக்காட்டைக் கஞ்சி போட்டு விறைப்பாக்கி உடுத்திக்கொண்டு, மஹ்லகாவை அழைத்துக்கொண்டு போனார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். வந்த வேகத்தில் என் ஜன்னல் கதவு தானாகத் திறந்துகொண்டது.

"என்ன அக்கா, சொன்னாங்களா?"

"சொன்னா. நல்லாத்தான் சொன்னா. எழுந்து நின்னு, கண்ணுல தண்ணி வர, எல்லாம் சொன்னா."

"அப்புறம் என்ன?"

"எவளுக்கும் ஞாபகமே இல்லை தம்பி! 'எந்தக் கிண்ணம்?'ங்கறா ஒருத்தி. 'குல்சுமா? பால் ஊத்துவாளே அவளா?'ங்கறா இன்னொருத்தி. எதிர்வீட்டு மலாஹத், எங்கம்மா மூஞ்சியில கதவைச் சாத்தினவ, தொண்ணூறு வயசு, அவகிட்டப் போய்க் காதுல கத்துனேன். 'ஆமாமா, ஞாபகம் இருக்கு, கம்பளம் திருடினாளே ஒருத்தி'ங்கறா! கம்பளமாம்! அம்பது வருஷம் தம்பி. நாங்க தலைகுனிஞ்சு சந்து சந்தா நடந்தோம். இந்தத் தெருவைச் சுத்திக்கிட்டுப் போனோம். இவளுக அடுத்த வருஷமே மறந்துட்டாளுக. அப்புறம் கேள்வி வேற. 'குளிக்க வெள்ளிக் கிண்ணமா கொண்டுபோவீங்க? எத்தனை நாளைக்கு ஒரு தடவை குளிப்பீங்க?'ன்னு சின்னப் பொண்ணுக எல்லாம் மஹ்லகாவைச் சுத்தி உக்காந்துருச்சுக. அல்வா தின்னுக்கிட்டு!"

தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். மூன்று கோப்பை குடித்தார். பிறகு என் மேசைத் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்து, தப்ரீஸில் இருந்த பெரியக்கா சனத்தின் எண்ணைச் சுழற்றச் சொன்னார். மோதிரம் திரும்பிப் போன பின், சனம் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கம்பள ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அக்கா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கத்திச் சொன்னார். ரஜாய், அறை, சீட்டு, வியாழக்கிழமைக் கூட்டம்.

"என்னடி, லைன்ல இருக்கியா?" என்றார் அக்கா. அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டார். முகம் கடுத்தது. "எந்த ரஜாயா இருந்தா என்னடி? பச்சையோ சிவப்போ! உனக்கும் கேள்விதானா?" என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

உத்தரவை மஹ்லகா கிழித்துப் போட்டுவிட்டுத்தான் ஊருக்குப் போனார். தொட்டில் குழல் தொட்டிலுக்குப் போனது. டாக்டர் வருவது குறைந்து நின்றுபோனது. அக்கா இன்னும் நாலு வருஷம் வேலை பார்த்தார். நாள் முழுக்கச் சிடுசிடுத்தார். குளிப்புச் சாமான் பெட்டியை மட்டும் நாளுக்கு இரண்டு தரம் துடைத்தார். அந்தச் சீட்டைப் படித்தவர்கள் வந்து, "யாரு இந்தக் குல்சும்?" என்று கேட்டால், "துணி துவைச்சவங்க. எங்கம்மா. வேற என்ன வேணும்?" என்பார்.

தொலைபேசியில் பேசி ஒன்பதாம் நாள் சனம் பஸ்ஸில் வந்து இறங்கினார். எழுபது வயது, கையில் தடி. தங்கையின் காட்சியகம் என்பதால் சும்மா உள்ளே போகச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. டிக்கெட்டுக்குப் பணத்தை எண்ணிவைத்து, கிழித்துக் கொடுத்த டிக்கெட்டை மடித்துக் கைப்பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு, ஒவ்வொரு படியாக மாடிக்கு ஏறினார். அக்கா பின்னாலேயே, "மெதுவாப் போயேன்டி, ஏன் இந்த அவசரம்?" என்று திட்டிக்கொண்டே போனார். மாலை மூடும் வரை இரண்டு பேரும் கீழே இறங்கவில்லை. மூடும் நேரமாகிவிட்டது என்று சொல்ல நானும் மேலே போகவில்லை.